மீன் தொட்டியில் மூங்கில் வளருமா?



இம்மாதம் நமது பகுதிக்கு வந்த கடிதங்களுள் மூன்று ஒரே பொருளைப் பற்றியவை. 8-ஆம் செக்டரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "எங்கள் மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டடி நீளமுள்ள மீன் தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். அங்காடியில் கண்ணாடிக் குவளையில் வைத்து விற்கும் மூங்கிலை அதற்குள் நட வேண்டும் என்கிறான். நீருக்குள் மூங்கில் வளருமா?" 3-ஆம் செக்டர் அன்பரோ கேட்காமலே நட்டுவிட்டார். இரண்டு மாதங்கள் பசுமையாயிருந்த செடி இப்பொழுது மஞ்சளித்து வழவழப்பாகிவிட்டது என்றும், தொட்டியில் மீன்கள் இறக்கின்றன என்றும் வருந்துகிறார். மூன்றாமவர் மீன் தொட்டியே வைத்திருக்கவில்லை. வரவேற்பறையில் குவளையிலிட்ட மூங்கில் மட்டும் வைத்திருந்தார். வீடு வீடாக வந்து சோதிக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் அந்நீரில் புழுக்கள் நெளிவதைக் காட்டி எச்சரித்துச் சென்றாராம். "அதிர்ஷ்டத்துக்கென்று வாங்கிய செடி அபராதத்துக்கு வழி செய்யலாமா?" என்பது அவருடைய வினா.

மூவருக்கும் சேர்த்து ஒரே விடை சொல்லலாம். இச்செடியின் கால் நீரில் இருக்க வேண்டும். தலை காற்றில் இருக்க வேண்டும். அந்நீரில் மீன் இருக்க வேண்டும். முதலிரண்டும் தவறினால் செடி அழுகும். மூன்றாவது தவறினால் செடிக்கு ஒன்றும் நேராது. ஆனால் நமது குழந்தைகளுக்கு நேரலாம். இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெயரளவில் மூங்கில்

முதலில் ஒரு செய்தி. கடைக்காரர் மூங்கில் என்று சொல்லி விற்பது மூங்கிலே அன்று.

மூங்கில் நமக்குப் புதியதா? வேய், கழை, அமை, வேரல் என்று அதற்கு எத்தனை பெயர்கள் வைத்திருக்கிறோம்! திருநெல்வேலித் தலத்துக்கு வேணுவனம் என்றே பெயருண்டு. அங்கே தலவிருட்சம் மூங்கில்தான். மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. நெல்லும் கரும்பும் அதற்கு உறவினர். கணுவுக்குக் கணு இடையிலே தண்டு உள்ளீடற்றுக் குழலாக இருப்பது பெரும்பாலான மூங்கில்களின் இலக்கணம். அவ்வெற்றிடம் இருப்பதனாலன்றோ நமக்குப் புல்லாங்குழல் கிடைத்தது!

கடையில் விற்கும் செடியின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இராது, சதைப்பற்றாக நிறைந்திருக்கும். இலையும் மூங்கிலிலை போன்று சிறு காம்பில் தொங்காமல், அடிப்பாகத்தால் தண்டைத் தழுவிக்கொண்டு நிற்கும். இதன் தாவரவியற் பெயர் டிரசீனா சாண்டெரியானா. பிறப்பிடம் நடு ஆப்பிரிக்காவில் காமரூன் முதலிய நாடுகள். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் குடியேறி, ஆர்க்கிட் மலர்ச்செடி வாணிகத்தில் பெரும்புகழ் எய்திய பிரெடரிக் சாண்டர் (1847–1920) என்பவரின் பெயரையே இச்செடிக்கு இட்டிருக்கின்றனர். பின்னர் தைவானிலும் தென்சீனத்திலும் தோட்டக்காரர்கள் இதனைப் பயிரிட்டு, செல்வமும் மேன்மையும் தரும் மூங்கில் என்று பொருள்படச் சீன மொழியில் பெயர் வைத்தனர். தண்டு சுருள் சுருளாக வளைந்திருப்பதும் இயற்கையன்று. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் படும்படி வைத்து, செடி அவ்வொளியை நோக்கி வளையுந்தோறும் அதனைத் திருப்பித் திருப்பி வைத்து உண்டாக்கும் கைவேலை அது.

ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜெர்மானியர் பெயரைத் தாங்கி, சீனப் பட்டமும் பெற்று, தில்லியில் வந்து குடியிருக்கும் இச்செடியைப் புலம்பெயர்ந்த நாம் அந்நியமென்று ஒதுக்க வேண்டியதில்லை. உண்மையில் நம் ஊரிலும் இதற்குச் சுற்றத்தார் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வேலியோரங்களில் வாள்போல நிமிர்ந்து நிற்கும் மருள் செடி இன்னும் நெருங்கிய உறவு. மருளைத் தனி இனமாக வைத்திருந்த தாவரவியலார், அண்மை ஆண்டுகளில் அதனையும் டிரசீனா இனத்திலேயே சேர்த்துவிட்டனர்.

பெயர்க் குழப்பம் மூங்கிலுக்குப் புதிதன்று. நமது நாட்டின் 1927-ஆம் ஆண்டு வனச்சட்டம் புல்லாகிய மூங்கிலை மரத்தின் இலக்கணத்துள் அடக்கியிருந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் அச்சொல் அவ்விலக்கணத்திலிருந்து நீங்கிற்று. ஆனால் இல்லத்தில் இக்குழப்பத்தால் ஒரு தீங்கு நேரக்கூடும். நமது அண்டை வீடுகளில் வாழும் அஸ்ஸாமியரும் நாகரும் மூங்கிற்குருத்தைச் சுவையான கறியாகச் சமைப்பது பலருக்குத் தெரியும். அதை நினைத்து இச்செடியின் குருத்தைக் கிள்ளி வாயிலிடலாகாது. இது உண்ணத்தக்க செடியன்று. பூனை, நாய் முதலியன தின்றால் வாந்தியெடுத்து நோயுறும். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நலம்.

மெய்யான மூங்கிலை நட்டால் என்ன?

"அப்படியானால் அசல் மூங்கிலையே கொணர்ந்து தொட்டியில் நடலாமே" என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் ஆகாது. மூங்கிலின் வேர் ஈரத்தை விரும்பும். ஆனால் தேங்கிய நீரில் மூழ்கிக் கிடப்பதைப் பொறுக்காது. வேருக்குக் காற்று வேண்டும்.

வெட்டிய மூங்கிற் கழியை அலங்காரமாக நிறுத்துவோரும் உண்டு. கிராமத்தில் வளர்ந்தோர் ஒன்றை நினைவுகூர வேண்டும். வெட்டிய மூங்கிலை வண்டு துளைக்காமலிருக்க வாரக்கணக்கில் குளத்து நீரில் ஊறப்போடுவது வழக்கம். அதிலுள்ள மாவுச்சத்து நீரிற் கரைந்து வெளியேறும். அவ்விடத்து நீர் எப்படி நாறும் என்பதை அவ்வழி நடந்தவர் அறிவர். பரந்த குளத்திலேயே அந்நிலையென்றால், ஐம்பது லிட்டர் நீருள்ள தொட்டியில் மீன்கள் என்ன பாடுபடும் என்று கூற வேண்டுமா?

ஆகவே நமக்கு ஏற்றது டிரசீனாதான். வழக்கத்தை ஒட்டி இனி இதனை 'மூங்கில்' என்றே குறிப்போம்.

நடும் முறை

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று கொள்வோம். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக ஏறக்குறைய 50 லிட்டர் நீர் கொள்ளும். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாது. அரசாங்கக் குடியிருப்புகளிலுள்ள சுவரலமாரிப் பலகையின் மீது இதனை வைக்கலாகாது. தரையில் நான்கு கால்களும் நன்கு ஊன்றிய மேசையின் மீதே வைக்க வேண்டும். சன்னலருகே நேர் வெயில் படும் இடமும் வேண்டா. நீர் பச்சையாகிப் பாசி படரும், மூங்கிலிலையும் கருகும்.

கடையில் வாங்கும்போது தண்டு முழுவதும் பசுமையாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். எங்கேனும் மஞ்சள் கண்டிருந்தால் விட்டுவிடுக. மஞ்சளித்த இலையைக் கிள்ளிவிடலாம். மஞ்சளித்த தண்டு மீண்டும் பசுமையாகாது. வேர்கள் செம்மஞ்சள் நிறமாக இருக்கக் கண்டு அழுகல் என அஞ்ச வேண்டா. நலமுள்ள வேரின் நிறமே அது. சாயம் பூசிய தண்டுகளைத் தவிர்க்க. தண்டுகளைக் கட்டியிருக்கும் பளபளப்பான நாடா, கம்பி, ரப்பர் வளையம் ஆகியவற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஓடும் நீரில் வேரையும் தண்டையும் நன்றாகக் கழுவுக. கம்பி செம்புக் கம்பியாயிருந்தால் அதன் நஞ்சு நீரில் இறங்கி இறால், நத்தை போன்ற சிற்றுயிர்களைக் கொல்லும்.

இனி முக்கியமானது. 3-ஆம் செக்டர் அன்பரின் தொட்டியில் நேர்ந்த கேடு இதுதான்: செடியை முழுவதும் நீருக்குள் அமிழ்த்திவிட்டார். இச்செடி நீர்வாழ் செடியன்று. இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு உணவு சமைக்கும் அமைப்புடையவை. நீருக்குள் மூழ்கினால் உடனே சாகாது; தண்டில் சேமித்து வைத்துள்ள உணவைக் கொண்டு சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள்கூடப் பசுமையாகத் தோன்றும். அதனால்தான் கடைக்காரரும் வாங்கியவரும் ஏமாறுகின்றனர். சேமிப்புத் தீர்ந்தபின் அழுகத் தொடங்கும், அழுகல் நீரில் அம்மோனியாவைப் பெருக்கும், மீன்கள் இறக்கும். அவ்வன்பர் செய்ய வேண்டியது, அழுகிய தண்டுகளை இன்றே எடுத்தெறிந்து, நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றி, மறுநாளும் அவ்வாறே செய்வது.

தண்டு ஒன்றரையடி உயரமிருந்தால் மணலில் இரண்டங்குலம் ஊன்றித் தொட்டியின் பின்மூலையில் நிறுத்தலாம். இலைக்கொத்து நீர்மட்டத்துக்குச் சில அங்குலமேனும் மேலே நிற்க வேண்டும். குட்டையான தண்டாயின், துளையிட்ட சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கூழாங்கற்களிட்டுத் தண்டை நிறுத்தி, கிண்ணத்தைத் தொட்டியின் விளிம்பில் மாட்டுக. வேர் மட்டும் நீருக்குள் இறங்கும். மூன்று நான்கு தண்டுகள் போதும். மூடியிட்ட தொட்டியானால் மூடியின் மூலையில் தண்டு நுழையுமளவு வெட்டிவிடலாம்.

நீருக்குள்ளும் பசுமை வேண்டுமென்றால் அதற்கென்றே பிறந்த செடிகள் உள்ளன. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் நம் நாட்டு ஏரி குளங்களிலேயே வளர்பவை, விலையும் சொற்பம். அவற்றைக் கீழேயும் மூங்கிலை மேலேயும் வளர்த்தால், ஒரு சிறு குளக்கரையே வீட்டுக்குள் வந்தாற்போல் இருக்கும்.

நீரும் மீனும்

மீன் கழிப்பதிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் குடிகொள்ளும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு தீங்கானதன்று, செடிக்கோ உரம். மூங்கிலின் வேர் அதனை உறிஞ்சிக்கொள்கிறது. மீனின் கழிவு செடிக்கு உணவாகிறது. செடி நீரைத் தூய்மை செய்கிறது. ஆயினும் மூங்கில் மெதுவாக வளரும் செடியாகையால், அது இருக்கிறதென்று நம்பி நீர் மாற்றுவதை நிறுத்தலாகாது. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றியே தீர வேண்டும்.

குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. மூங்கிலிலையின் நுனியும் கருகும். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். வாளியை மெல்லிய துணியால் மூடி வைக்க மறவாதீர்கள். காரணம் பின்னர் வரும். தொட்டியிலிருந்து எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டா. அதனைப் பால்கனியிலுள்ள துளசிக்கும், தில்லிக் குளிரில் இலையுதிர்த்து நிற்கும் நமது கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், நல்ல எரு. ஆனால் மீனுக்கு மருந்தோ உப்போ கலந்திருந்த நீரை ஊற்றலாகாது.

தில்லிப் பகுதி நீர் பல இடங்களில் கடின நீர். அத்தகைய நீர் கப்பி மீனுக்கு உகந்தது. தென்னமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் தாயகமாகக் கொண்ட இச்சிறு மீன், குட்டி போடும் இனம், விலை மலிவு, குழந்தைகள் பார்த்து மகிழ்வர். புதிய தொட்டியில் முதல் மாதம் நான்கைந்து மீன்களே போதும். நுண்ணுயிர்கள் பெருகி நிலைகொள்ள மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு இருபது மீன்களை விட்டவர் அவற்றை இழப்பர்.

தில்லியின் பருவங்கள் நம் ஊரைப் போன்றவையல்ல. மார்கழி, தையில் இரவுக் குளிர் நான்கைந்து பாகைக்கு இறங்கும். அறைக்குள் அவ்வளவு இல்லையாயினும், நீர் 18 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் கப்பிகள் சோர்ந்து நோய்ப்படும். தானே நின்று எரியும் சிறு ஹீட்டர் ஒன்று வேண்டும். சித்திரை, வைகாசியில் நேர்மாறான தொல்லை: வெப்பமான நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். அப்போது காற்றுப் பம்பை நிறுத்தாமல் ஓட்டுக.

ஒரு பொய்யை இங்கே மறுத்துரைக்க வேண்டியுள்ளது. சிறு குவளையில் மேலே செடியையும் கீழே ஒரு சண்டை மீனையும் வைத்து, "மீன் வேரைத் தின்று பிழைத்துக்கொள்ளும், தீனி போட வேண்டியதில்லை" என்று சொல்லி விற்பதுண்டு. சயாம் நாட்டிலிருந்து வந்த அம்மீன் பூச்சிகளையும் புழுக்களையும் தின்பது. வேரைத் தின்று வாழாது. மேலும் அது அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றைச் சுவாசிக்கும் இயல்புடையது. வேரும் தண்டும் வாயை அடைத்தால் மூச்சு முட்டி இறக்கும். குறுகிய குவளை எம்மீனுக்கும் வீடாகாது.

ஊருக்குச் செல்வோர் சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் வண்ண மீன்களைப் பார்த்து மயங்கி, ரயிலில் கொண்டுவர விரும்புவதுண்டு. ரயில்வேயில் பணிபுரிபவர் என்ற முறையில் நமது கருத்து: வேண்டா. வாணிகர் அனுப்பும்போது மீனை முன்னதாகவே பட்டினி போட்டு, பையில் ஒரு பங்கு நீரும் இரு பங்கு உயிர்க்காற்றும் அடைத்து அனுப்புகின்றனர். நாமோ வாயில் ரப்பர் சுற்றிய பையை இருக்கைக்கடியில் வைத்து, முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்கிறோம். நாகபுரி வெயிலைத் தாண்டி உயிரோடு தில்லி சேரும் மீன் சிலவே. கப்பி இங்கேயே கிடைக்கும்.

மீனில்லா நீர்

இப்பொழுது மூன்றாமவரின் வினாவுக்கு வருவோம். இதுவே நமது கட்டுரையின் உயிர்நிலை.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரே அதற்கு விருப்பம். பகலில் கடிக்கும். பூங்குவளை, பூந்தொட்டியின் அடித்தட்டு, கூலர், மூடாத வாளி ஆகியவையே அதன் பிரசவ அறைகள். வெப்பம் மிக்க நாட்களில் முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும்.

1996-ஆம் ஆண்டில் தில்லியில் பரவிய டெங்கு பலர் நினைவிலிருக்கும். அவ்வாண்டு அரசாங்கக் கணக்குப்படி 10,252 பேர் நோயுற்று, 423 பேர் மாண்டனர். 2015-இல் நோயுற்றோர் தொகை 15,867. ஒருமுறை வந்துவிட்டால் மறுமுறை வராது என்று எண்ணுவது தவறு. டெங்கு நச்சுயிரியில் நான்கு வகைகள் உள்ளன. ஒருவகை வந்தவரை மற்றொரு வகை தாக்கும்போது நோய் மேலும் கடுமையாகக்கூடும். சென்ற ஐப்பசியில் நமது குடியிருப்பில் ஒரே மாடியில் இரு வீடுகளில் மூன்று பேர் படுத்தனர். அவர்களுள் ஒரு சிறுமி ஒன்பது நாட்கள் மருத்துவமனையிலிருந்து மீண்டாள். அண்டை வீடுகளில் தேடியபோது அகப்பட்ட புழுக்கள் கூலரில் இல்லை. கூலரை எல்லோரும் வடித்துக் காயவைத்திருந்தனர். ஒரு வீட்டு மாடத்தில், சுவாமி படத்துக்கு அருகே, கண்ணாடிக் குவளையில் நின்ற மூங்கிலின் அடியில்தான் இருந்தன. அங்கே நீர் இருக்கிறது என்பதையே எவரும் எண்ணவில்லை.

இதே மூங்கில் கொசுவைக் கடல் கடந்தும் கொண்டு சென்றிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு தென்சீனத்திலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துக்கு இச்செடிகளைச் சில அங்குல நீரில் நிறுத்திக் கப்பலில் அனுப்பினர். பெட்டிகளைத் திறந்தபோது ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசுக்கள் வெளிப்பட்டன. அதுவும் டெங்குவைப் பரப்பும் இனமே. 2005-இல் ஹாலந்து நாட்டிலும் இம்மூங்கிலை இறக்குமதி செய்து வைத்திருந்த கண்ணாடித் தோட்டங்களில் அக்கொசு கண்டறியப்பட்டது. செடியின்மீது குற்றமில்லை, அதனுடன் சென்ற மீனில்லா நீரின் குற்றம் அது.

மீனுள்ள தொட்டியில் இந்த அச்சம் இல்லை. கொசுப்புழு மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். கப்பியோ நீர்மட்டத்தில் மேய்வது. புழுவைக் கண்ட கணமே விழுங்கும். கொசுவை ஒழிக்கவென்றே கம்பூசியா என்னும் மீனை 1928-ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டுக்கு வரவழைத்தனர். கப்பியும் அப்பணிக்குப் பயன்பட்டு வருகிறது. ஆனால் இவை நம் நாட்டு மீன்கள் அல்ல. பெருகிவிட்டனவென்று யமுனையிலோ ஏரியிலோ விட்டால் அங்குள்ள நாட்டு மீன் குஞ்சுகளுக்குக் கேடு. மிகுந்தவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள்.

ஆகவே, மீன் தொட்டி வைக்க இயலாதவர் செய்யத்தக்கன இரண்டு. முதலாவது, மூங்கிலை நீரிலிருந்து எடுத்து மண் தொட்டியில் நடுவது. மண்ணில் அது நன்றாகவே வளரும். அடித்தட்டில் மட்டும் நீர் தேங்க விடலாகாது. இரண்டாவது, குவளையிலேயே வைக்க விரும்பினால், வாரம் தவறாமல் நீரை முற்றிலும் கொட்டி, குவளையின் உட்புறத்தையும் கூழாங்கற்களையும் வேரையும் தேய்த்துக் கழுவுவது. வெறுமனே நீரை மாற்றினால் போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. அம்முட்டைகள் நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரியும். தேய்த்தல்தான் பயன் தரும். 2019-ஆம் ஆண்டில் தில்லி அரசு, பத்து வாரங்கள் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பத்து நிமிடங்கள் வீட்டிலுள்ள தேங்கு நீரைச் சோதிக்குமாறு மக்களை வேண்டியது. அந்த இயக்கத்தின் வாரங்கள் முடிந்தன. பழக்கத்தை நாம் முடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பூட்டிய வீடு

நம்மவருக்கென்று தனியே ஒரு சொல் உண்டு. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறோம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் வீடு பூட்டிக் கிடக்கிறது. திரும்பும் காலம் மழை தொடங்கும் காலம். நாம் இல்லாதபோது வீட்டினுள் நிற்கும் நீரைப் பார்ப்பார் யாருமில்லை. சோதனைக்கு வரும் பணியாளரும் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார். நமது வீட்டில் பிறந்த கொசு சன்னற் கம்பி வழியே சென்று அண்டை வீட்டுக் குழந்தையைக் கடித்தால், அதற்கு நாம் பொறுப்பல்லவா?

ஆகையால் பயணப் பெட்டியைக் கட்டுமுன் குவளை மூங்கிலைக் கழுவி, மண் தொட்டிக்கு மாற்றி, நீரூற்ற ஒருவரிடம் ஒப்படையுங்கள். கூலரை வடித்துத் தேய்த்து உலர்த்துங்கள். கழிவறைப் பீங்கானை மூடி வையுங்கள். மீன் தொட்டியை இருட்டில் பூட்டிவிட்டுச் செல்லாதீர்கள். சாவியை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து, இரண்டு நாளுக்கொருமுறை சிறிது தீனியும், வாரம் ஒருமுறை நீரும் மாற்றும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பஞ்சாபியரோ வங்காளியரோ, மறுமாதம் அவர் ஊருக்குச் செல்லும்போது அவர் வீட்டுச் செடிக்கு நாம் நீரூற்றுவோம். உறவினர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நமக்கு, இந்தக் கைம்மாற்றே பக்கத்துணை.

காய்ச்சல் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்க. டெங்குவாயிருக்கலாம் என்ற ஐயமிருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமே விழுங்கலாகாது. அவை குருதிப்போக்கை மிகுவிக்கும்.

8-ஆம் செக்டர் சகோதரிக்கு இறுதியாக ஒரு சொல். மகனின் விருப்பத்தைத் தடுக்க வேண்டா. தண்டின் தலை நீருக்கு மேலே இருக்கிறதா என்றும், வாரம் ஒருமுறை நீர் மாற்றினானா என்றும் அவனையே ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அண்டை வீடுகளில் எங்கெங்கே குவளை மூங்கில் நிற்கிறது என்று பார்த்து, அவ்வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் பணியையும் அவனிடமே விட்டுவிடலாம். பெரியவர் சொல்லிக் கேளாதவர் சிறுவர் சொல்லிக் கேட்பதுண்டு.

அடுத்த இதழில், தில்லிக் குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றும் வழிகளைப் பற்றி எழுதக் கருதியுள்ளோம். அனுபவமுள்ள அன்பர்களும் சகோதரிகளும் தாங்கள் கையாளும் முறையை இம்மாத இறுதிக்குள் எழுதியனுப்ப வேண்டுகிறோம்.